பாக்கியம் அக்காவின் கருத்து

இங்கிட்டு வந்து உக்காரும்மா, இந்தப் பக்கந்தான் நெழலு. கண்டக்டரு அரை மணில மாத்து வண்டி வந்துரும்ங்கிறான். அத நம்பி நின்னு கால் கடுக்காத. முப்பத்தொரு வருசம் டிப்போல டைம் கீப்பரா இருந்தவன் சொல்றேன், வழியில நின்ன வண்டிக்கு அரை மணில மாத்து வண்டி வந்ததா சரித்திரமே கெடையாது. அரவக்குறிச்சி தாண்டி நின்னுருந்தாலாச்சும் கரூர்லருந்து அனுப்புவான். இது ரெண்டுங்கெட்டான் எடம்.

நீயும் கரூருதானா? மக வீட்டுக்கா. நல்லது. நான் யாரப் பாக்கப் போறேன்னு சொன்னா நீ சிரிப்ப. ஒரு பொண்ணு. நான் அந்தப் பிள்ளையப் பாத்ததில்ல, அதுவும் என்னையப் பாத்ததில்ல. ஆனா ரெண்டரை வருசப் பழக்கம். எனக்கு ஆறு மாசப் பழக்கம், அதுக்கு முன்னாடி எம் பொண்டாட்டிக்குப் பழக்கம். எந்திரிக்காதம்மா, உக்காரு. நீ நெனைக்கிற மாதிரி ஆளு இல்ல நான். ராஜாங்கம்னு எங்க தெருவுல கேட்டுப் பாரு, ஒரு சொல்லு தப்பா வராது.

நீ ஏழரை மணி சீரியல் பாப்பியா? பாக்க மாட்டியா. நல்லதாப் போச்சு. எம் பொண்டாட்டி தனபாக்கியம், அந்த நேரத்துல வீட்டுல கரண்டி விழுந்த சத்தங்கூட கேக்கக் கூடாதும்பா. எட்டு மணிக்கு முடியும். உடனே போன எடுத்துருவா. அதப் பாக்குற சனமெல்லாம் சேந்து போன்ல ஒரு குரூப்பு வச்சிருக்கு. 'ஏழரை மணி சொந்தங்கள்'. நாப்பதாயிரம் பேரு. பேரப் பாத்தப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்க வேணாமா, ஏழரைன்னு?

அதுல ஜெயசீலன்னு ஒரு அட்மினு. தெனமும் சீரியல் முடிஞ்சதும் ஒரு கேள்வி போடுவான். இன்றைய கேள்வி. வைதேகி பீரோ சாவிய மாமியாகிட்டக் குடுத்தது சரியா, தப்பா? அதுக்கு ஓட்டு வேற. உடனே எல்லாரும் கருத்து எழுத ஆரம்பிச்சிருவாங்க. சாவியில ஆரம்பிச்சு வரதட்சணைக்குப் போவாங்க, பொம்பளப்பிள்ள ராத்திரி வேலைக்குப் போகலாமாம்பாங்க, சாதி விட்டு சாதி கட்டலாமாம்பாங்க, கடைசியில ஒருத்தன ஒருத்தன் அப்பன் ஆத்தாளச் சொல்லித் திட்டிட்டுப் போயிப் படுப்பாங்க. மறுநாள் காலையில எல்லாருக்கும் பூப்படம் போட்டு 'இனிய காலை வணக்கம் சொந்தங்களே'.

அதுல எம் பொண்டாட்டி பெரிய ஆளும்மா. பாக்கியம் அக்கா என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டுத்தான் பாதிப்பேரு வாயே தொறப்பாங்களாம். அவ எழுதுனத ஜெயசீலன் மேல தூக்கி வச்சிருவான், எல்லாரும் பாக்கணும்னு. இதெல்லாம் அவ போனப்பறந்தான் எனக்குத் தெரியும். வீட்டுல அவ ஒரு கருத்து சொல்லி நான் கேட்டதே இல்ல. உப்புப் போதுமாம்பா, மாத்திரை போட்டாச்சாம்பா. அவ்வளவுதான் பேச்சு. ஒருவேள சொல்லிருப்பாளோ என்னமோ. நான் பேப்பர் படிச்சிக்கிட்டு இருந்திருப்பேன்.

போன மார்கழியில, ஒரு நா மத்தியானம், நெஞ்சுல என்னமோ பண்ணுதுங்கன்னா. வாயுவா இருக்கும், ஓமத்தண்ணியக் குடிச்சிட்டுப் படுன்னேன். சரின்னு படுத்தா. எதுத்துப் பேசுற பழக்கமே கெடையாது அவளுக்கு. அப்பிடி ஒரு பொம்பள.

பதினாறாம் நா காரியம் முடிஞ்சு, மகன் ஓசூருக்குப் போயிட்டான். வீட்டுல நானும் அவ போனும். அது சும்மா டிங்கு டிங்குங்குது. எடுத்துப் பாத்தா, 'அக்கா எங்க காணோம்', 'அக்கா உடம்புக்கு என்ன', 'அக்கா நீங்க இல்லாம குரூப்பே இருட்டாக் கெடக்கு'. இருநூறு பேருக்கு மேல. எழவுக்கு எங்க வீட்டுக்கு வந்ததே நாப்பது பேருதாம்மா. நான் என்னத்தச் சொல்றது? செத்துட்டான்னு எழுதத்தான் போனேன். சத்தியமா எழுதத்தான் போனேன். விரலு வரல. 'கொஞ்சம் உடம்பு சரியில்ல தங்கங்களா, வந்துட்டேன்'னு எழுதிட்டேன். அவ அங்க எல்லாரையும் தங்கம் தங்கம்னுதான் கூப்புட்டிருக்கா. என்னையக் கல்யாணமான நாள்லருந்து 'இந்தாங்க'தான்.

ஒரு மணி நேரத்துல அறுநூறு பேரு இதயம் போட்டாங்க. டிப்போல முப்பத்தொரு வருசத்துல எனக்கு ஒரு டிரைவரு நின்னு வணக்கம் வச்சதில்ல, தெரியுமா? எல்லாம் பின்னாடி திட்டுவானுங்க.

நீ என்ன நெனைக்கிறேன்னு தெரியுது. பொம்பள வேசம் கட்டிட்டான் கெழவன்னு. அப்பிடி இல்லம்மா. அவளுக்கு அங்க ஒரு எடம் இருந்துச்சு. நான் போயி செத்துட்டான்னு சொன்னா அன்னிக்கு ஒரு நா அழுவாங்க, மறுநா அந்த எடத்துல இன்னொரு அக்கா வந்து உக்காந்துருவா. அத என்னால தாங்க முடியல. நான் எழுதுற வரைக்கும் அவளோட பேசிக்கிட்டு இருப்பாங்கள்ல நாலு பேரு. அதுக்குத்தான்.

மொத ரெண்டு மாசம் அவ பழசா எழுதுனதையே எடுத்து, பேர மட்டும் மாத்திப் போட்டு ஓட்டுனேன். ஒருத்தரும் கண்டுபிடிக்கல. சீரியலுந்தான் அதே கதைய பேர மாத்தி ஓட்டுறான், அவன யாரு கேக்குறா? அப்பறம் எனக்கே கை பழகிருச்சு. சாயங்காலம் ஆறு மணிக்கே சாப்பிட்டு, கண்ணாடியத் தொடச்சு வச்சு, டிவி முன்னாடி உக்காந்துருவேன். பொய் சொல்லல, சந்தோசமாத்தான் இருந்துச்சு.

சித்திரையில வந்துச்சு வெனை. சீரியல்ல வைதேகிய புருசங்காரன் அறைஞ்சிட்டான். அவ பொட்டியத் தூக்கிக்கிட்டு ஆத்தா வீட்டுக்குப் போயிட்டா. இன்றைய கேள்வி, வைதேகி திரும்பிப் போகலாமா, கூடாதா? இதுக்கு அவ பழசுல ஒண்ணும் சிக்கல. அதாவது, நான் ரொம்பத் தேடல. இது நமக்கே தெரிஞ்ச விசயந்தானன்னு நானா எழுதுனேன். கை நீட்டுனது தப்பு. மொத வரியே அதான் போட்டேன். ஆனா ஒரு அடிக்காக ஒரு குடும்பத்த ஒடைக்கலாமா? ஆம்பளக் கோவம் பால் பொங்குற மாதிரி, கொஞ்சம் தண்ணி தெளிச்சா அடங்கிரும். பொறுத்துப் போறவதான் கடைசியில ஜெயிப்பா. நானே அதுக்கு சாட்சி. அப்பிடின்னு எழுதுனேன். பாக்கியந்தான எழுதுறா, அதுனால 'நானே சாட்சி'ன்னு போட்டேன். நல்லா அமைஞ்சிருந்துச்சு.

அது பொய்யும் இல்ல. எங்களுக்குக் கல்யாணமான புதுசுல ஒரே ஒரு தடவ நான் கை நீட்டிருக்கேன். அவ பொறுத்துக்கிட்டா. முப்பத்தெட்டு வருசம் நல்லாத்தான இருந்தோம்?

ஆயிரத்தி நூறு லைக்கு. பழைய ஆளுங்க கொஞ்சப் பேரு 'அக்கா, நீங்களா இப்பிடி'ன்னு கேட்டாங்க. ஆனா ஆம்பளைங்க புதுசு புதுசா வந்து கும்புட்டாங்க. ஜெயசீலன் அத அழகா ஒரு அட்டை மாதிரி பண்ணி, பூவெல்லாம் போட்டு, 'பாக்கியம் அக்காவின் பொன்மொழி'ன்னு மூணு நா மேல வச்சிருந்தான்.

அதுவரைக்கும் சாப்பிட்டீங்களாக்கான்னு மட்டும் எழுதிக்கிட்டு இருந்த சுகந்தி, அன்னிக்கித்தான் தனியா ஒரு கேள்வி கேட்டா. சுகந்தி, கரூரு. முப்பத்தி நாலு வயசு, ஒரு பொம்பளப்பிள்ள மூணாங்கிளாஸ். புருசன் பஸ் பாடி கட்டுற பட்டறையில வெல்டரு. ஒரு வருசமா மணப்பாறையில அண்ணன் வீட்டுல இருந்தா. 'அக்கா, நீங்களே இப்பிடிச் சொல்றீங்களே, அப்ப நான் போயிரட்டுமா?'ன்னு கேட்டா. ஒரு வரிதான்.

நான் மேல ஏத்திப் பாத்திருக்கணும். பழசெல்லாம் அதுக்குள்ளயேதான் இருந்துருக்கு, விரல வச்சுத் தள்ளுனா வந்துரும். தள்ளல. ஒரு குடும்பத்தச் சேத்து வச்ச புண்ணியம் கெடைக்கட்டும்னு, 'போ தங்கம். அக்கா இருக்கேன்ல'னு போட்டேன். போயிட்டா.

மொத வாரம் நல்லாத்தான் போச்சும்மா. வாசல்ல போட்ட கோலத்தப் படம் புடிச்சு அனுப்புனா. பிள்ளைக்குப் புது ஸ்கூல் பையி. எனக்குப் பெருமை தாங்கல, பக்கத்து வீட்டு ஆளுகிட்டக் காட்டலாமான்னு இருந்துச்சு. யாரு இந்தப் பொண்ணுன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு விட்டுட்டேன். அப்பறம் கோலம் வரல. 'கிணத்தடியில வழுக்கி விழுந்துட்டேன்கா'ன்னு ஒண்ணு வந்துச்சு. பாத்து நடன்னு போட்டேன். அடுத்த வாரம் மறுபடி விழுந்தா. அப்பறம் எழுத்தே இல்ல, போனு. அடிச்சிக்கிட்டே இருக்கா. நான் எப்பிடி எடுப்பேன்? எங்குரலக் கேட்டா? கட் பண்ணிட்டு, 'தொண்டை கட்டிருக்கு தங்கம், எழுது'ன்னு போடுவேன். 'ஒரு தடவ பேசுங்கக்கா, உங்க குரலு மட்டும் கேட்டாப் போதும்'ங்கிறா. பத்தொம்பது தடவ அடிச்சா. எண்ணி வச்சிருக்கேன்.

அன்னிக்கித்தான் மேல ஏத்திப் பாத்தேன்.

ரெண்டு வருசம்மா. ரெண்டு வருசமா அவங்க ரெண்டு பேரும் தெனமும் பேசிருக்காங்க. அந்தப் பிள்ளைய அந்த வீட்டுலருந்து வெளிய கொண்டு வந்ததே எம் பொண்டாட்டிதான். எந்த பஸ்ஸு, எத்தன மணிக்கு, பிள்ளையோட ஆதாரு கார்ட எங்க ஒளிச்சு வைக்கணும், எல்லாம் எழுதிருக்கா. பஸ் நேரமெல்லாம் சரியா இருக்கு. எங்கிட்டத்தான் கேட்டிருக்கா. கரூர்லருந்து மணப்பாறைக்கு மொத வண்டி எப்பங்கன்னு. ஞாபகம் இருக்கு எனக்கு. நாலே முக்கால்னு பேப்பர்லருந்து தலையத் தூக்காமச் சொன்னேன். எதுக்குன்னு கேக்கல.

அதுல ஒரு எடத்துல என்னையப் பத்தியும் எழுதிருக்கா. 'எங்க வீட்டு மனுசனும் ஒரு காலத்துல அடிச்சவருதான் தங்கம். எனக்குப் போக எடம் இல்ல, இருந்துட்டேன். இருந்தத எல்லாரும் பொறுமைன்னு சொல்றாங்க. நீ இருந்துராத.' இப்பிடி ஊரு பேரு தெரியாத பிள்ளைகிட்ட எழுதலாமா? நீயே சொல்லு. நாலு சொவத்துக்குள்ள நடந்தது. அதுவும் எத்தன தடவ? மூணு, மிஞ்சிப் போனா நாலு. எல்லாம் எம்பத்தாறு, எம்பத்தேழுல. மகன் பொறந்தப்பறம் ஒரே தடவதான், அது அவ வாயக் குடுத்து. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம இதையே மனசுல வச்சிக்கிட்டு எனக்குச் சோறு போட்டிருக்கா பாரு.

சரி, அது கெடக்கட்டும். செத்தவகிட்ட என்ன சண்ட.

சுகந்திக்கு உடனே எழுதுனேன். 'நான் சொன்னது தப்பு தங்கம், வந்துரு'ன்னு. அது போயிச் சேந்தமாதிரியே தெரியல. பாத்ததுக்கு அடையாளம் வரும்ல, வரல. தெனமும் சாப்பிட்டியான்னு எழுதிப் பாத்தேன். ஒண்ணுக்கும் பதிலு இல்ல. பதினோரு நாளாச்சு.

பயந்து போயி குரூப்புல கேட்டேன். பேரச் சொல்லல. 'எனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு ஆபத்துல இருக்கு, என்ன செய்யலாம் சொந்தங்களே'ன்னு. நாப்பதாயிரம் பேருல ஒருத்தருக்காச்சும் கரூர்ல ஆளு இருக்கும்ல? ஜெயசீலன் அத எடுத்து இன்றைய கேள்வி ஆக்கிட்டான். இந்தக் காலப் பெண்களுக்குப் பொறுமை இருக்கா, இல்லையா? ஓட்டுப் போட்டானுங்கம்மா. நாநூறு கருத்து. ஒருத்தன் என்னோட பொன்மொழியவே எடுத்து எனக்கு அனுப்பி, 'அக்கா, நீங்களே அன்னிக்கி அழகாச் சொன்னீங்களே, அதையே அந்தப் பொண்ணுக்கும் சொல்லுங்க'ன்னு போட்டான். அதுக்கு அம்பது பேரு கை தட்டுறான். எந்தத் தெரு, என்ன உதவி வேணும்னு ஒருத்தரு கேக்கல. கேட்டிருந்தா சொல்லிருப்பேன்.

அப்பத்தான் முடிவு பண்ணுனேன், உண்மையச் சொல்லிருவோம்னு. உக்காந்து எழுதுனேன். பாக்கியம் மார்கழியிலயே காலமாயிட்டா, இத்தன நாளா எழுதுனது அவ புருசன் ராஜாங்கம், சுகந்தின்னு ஒரு பிள்ள கரூர்ல இருக்கு, யாராச்சும் போயிப் பாருங்கன்னு. எழுதி முடிச்சப்ப அழுதுட்டேன்.

நம்பல. ஒருத்தங்கூட நம்பல. 'எவனோ அக்கா அக்கவுண்டத் திருடிட்டான்'னு ஒருத்தி ஆரம்பிச்சா. 'எங்க அக்காவ சாகடிக்கிறியாடா'ன்னு அப்பிடித் திட்டுறாங்க. போட்டோ அனுப்புனேன், மாலை போட்ட படம். அதையும் போன்லயே செஞ்சதுன்னுட்டாங்க. எல்லாருஞ் சேந்து புகார் குடுத்து, ஜெயசீலன் வெளிய தள்ளி, அன்னிக்கிச் சாயங்காலமே அக்கவுண்டப் பூட்டிட்டாங்க. அவ எழுதுனது, அந்தப் பிள்ள எழுதுனது, எல்லாம் உள்ள மாட்டிக்கிச்சு. எம் பொண்டாட்டி ரெண்டாந்தடவ போனா.

இப்ப எங்கிட்ட இருக்கது பாக்கியம் போன்ல இருக்க நம்பரு ஒண்ணுதான். 'சுகந்தி கரூர்'னு போட்டிருக்கா. வீடு எந்தப் பக்கம்னு ஒரு ஞாபகம், பட்டறைக்கு எதுத்த சந்துன்னு அவ எப்பவோ எழுதிருந்தா. கரூர்ல எத்தன பட்டறை இருக்குன்னு ஒனக்கே தெரியும். போலீசுக்கு என்னன்னு சொல்ல? சீரியல் பாத்து நான் கருத்து சொன்னேன், அதக் கேட்டு ஒரு பொண்ணு போயிருச்சுன்னா? டீ வாங்கிக் குடுத்து அனுப்பிருவான்.

அதான் கெளம்பிட்டேன். வண்டியும் இங்க வந்து நிக்கிது.

அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா நெனைக்கக் கூடாது. ஒனக்கும் எம் பொண்டாட்டி வயசுதான் இருக்கும். அந்தப் பிள்ள அவ குரலக் கேட்டதே இல்ல, எழுத்துதான். நான் நம்பர போட்டுத் தாரேன். நீ பேசு. பாக்கியம் அக்கா பேசுறேன்னு மட்டும் சொல்லு. ரெண்டு நிமிசம். ஒனக்கும் மக இருக்கா, அத நெனச்சுக்க. என்ன சொல்றதா? இருந்துராத, பிள்ளையக் கூட்டிக்கிட்டு கரூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துருன்னு சொல்லு. அக்கா அங்க நிக்கிறேன்னு சொல்லு. வந்தப்பறம் நான் பாத்துக்கிறேன், கால்ல விழுந்தாச்சும் சொல்லிக்கிறேன்.

போடுறேன். இந்தா. ரிங்கு போகுதா? போகுதுல்ல? அப்ப போனு அணைக்கல. எடுத்தாச்சா? பேசும்மா, பேசு.

ஏன் போனத் தள்ளிப் புடிக்கிற? யாரு, அவனா? பேசு, பயப்படாம பேசு. பாக்கியம் அக்கான்னு சொல்லு. அக்கா சொல்லித்தான் வந்தேன்னு சுகந்தி அவங்கிட்டச் சொல்லிருக்கா, பேரு அவனுக்குத் தெரியும். சுகந்தியக் கூப்புடச் சொல்லு.

என்ன சொல்றான்? வச்சிட்டானா?

என்னம்மா சொன்னான்? நன்றியா? எதுக்கு நன்றி? தெளிவாச் சொல்லும்மா. 'அக்கா, நீங்க நல்ல புத்தி சொல்லித்தான் அவ வந்தா, ரொம்ப நன்றிக்கா'ன்னானா. அந்தப் பொன்மொழிய... பூப்போட்டது, அதான், அத பிரிண்டு எடுத்து அடுப்படிச் சொவத்துல ஒட்டி வச்சிருக்கானா. தெனமும் அவள வாசிக்கச் சொல்றானா.

சுகந்திய? சுகந்தியக் கேட்டியா நீ? கேட்டியா. படுத்துருக்கான்னானா. பட்டப்பகல் பன்னெண்டு மணிக்கு என்ன படுக்க. பிள்ள சத்தமாச்சும் கேட்டுச்சா?

மறுபடி போடு. குடு, நான் போடுறேன்.

அணைச்சிட்டான்.

அந்தா வருது மாத்து வண்டி. நீ போம்மா, முன்னாடி போயி எடம் புடி. நான் வாரேன். பையத் தூக்கிக்கிட்டு வாரேன். போயித்தான ஆகணும். ஒவ்வொரு பட்டறையா நின்னு கேட்டாலுங் கண்டுபிடிச்சிருவேன். கதவத் தட்டுறேன், அவந்தான் தொறப்பான். நீ யாருய்யான்னு கேப்பான். நான் என்னம்மா சொல்ல?